ஏஐ வச்சு வெளிநாட்டு வேலை தேடுறவங்க வாங்க: எதுல உதவுது, எதுல கவுத்துவிடுது?

பைப்லைன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் மெக்கானிக்கல் மெயின்டனன்ஸ்ல இருக்கேன், பம்ப் கம்ப்ரஸர் இதான் பொழப்பு. யூகே, ஜெர்மனி, கனடா மூணுக்கும் ட்ரை பண்றேன். சாட்ஜிபிடிகிட்ட சிவிய குடுத்து மாத்தி எழுதச் சொன்னேன், சும்மா சொல்லக்கூடாது, பளபளன்னு வந்துச்சு. கூடவே ஒரு ஆட்டோ அப்ளை டூலும் போட்டு விட்டிருக்கேன், நான் தூங்குறப்பகூட அதுபாட்டுக்கு அப்ளை பண்ணிட்டே இருக்கும். ஆனா ரிசல்ட்? ஒண்ணு பதிலே வர்றதில்ல, இல்லன்னா அப்ளை பண்ணின கொஞ்ச நேரத்துலயே "துரதிர்ஷ்டவசமாக"ன்னு ஆரம்பிக்கிற மெயில் வந்து விழுது. அதுக்குள்ள எந்த மனுஷன் என் சிவிய படிச்சிருப்பான்னு எனக்கு புரியல. ப்ராம்ப்ட் சரியில்லையா, டூல் சரியில்லையா, இல்ல காசு கட்டி பெரிய வெர்ஷன் வாங்கணுமா? யாராவது இதுல ஜெயிச்சவங்க இருந்தா சொல்லுங்க.

இரவுஷிப்ட்:
எனக்கும் இதே கதைதான் ப்ரோ. துண்டு போட்டு வைக்கிறேன்.

பழையரிக்ரூட்டர்:
தம்பி, நான் ரொம்ப வருஷம் ஆள் எடுக்குற பக்கம் உக்காந்திருந்தவன், அதனால அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன். கொஞ்ச நேரத்துல வர்ற ரிஜெக்ஷன் உன் சிவிய பார்த்து வர்றது இல்ல. அப்ளிகேஷன்ல நடுவுல ஒரு கேள்வி வரும், "இந்த நாட்டுல வேலை செய்ய உங்களுக்கு ஸ்பான்சர்ஷிப் தேவையா?"ன்னு, அதாவது உன் விசாவுக்கு கம்பெனி பொறுப்பு எடுத்துக்கணுமான்னு. அதுல ஆமான்னு டிக் பண்ணா, ஸ்பான்சர் பண்ற எண்ணமே இல்லாத கம்பெனில சிஸ்டம் அங்கேயே தூக்கி வெளிய போட்டுரும். சிவி எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் யாரும் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க. உன் ஆட்டோ அப்ளை டூல் அந்தக் கேள்விக்கு என்ன பதில் போடுதுன்னு மொதல்ல பாரு. சில டூல் இல்லைன்னு போட்டுடும், அது இன்னும் மோசம், பின்னாடி பொய் சொன்னதா ஆயிடும்.

இங்க எல்லாரும் ஏஐய தப்பான இடத்துல உழைக்க வைக்கிறீங்கன்னுதான் எனக்கு தோணுது. சிவியத் தேய்ச்சுத் தேய்ச்சு மெருகு ஏத்துறீங்க, ஆனா அதை யாருக்கு அனுப்பணும்னு பார்க்க ஏஐய யூஸ் பண்றதில்ல. யூகே கவர்மென்ட் தன்னோட சைட்லயே லைசென்ஸ் வாங்கின ஸ்பான்சர் லிஸ்ட்ட ஓபனா போட்டு வச்சிருக்கு, சிஎஸ்வி ஃபைலா இறக்கிக்கலாம், லட்சத்துக்கு மேல கம்பெனி இருக்கு. அதுல கம்பெனி பேரு, ஊரு, ரேட்டிங், எந்த ரூட்டு அதாவது எந்த வகை விசா, அவ்வளவுதான் இருக்கும், என்ன தொழில் பண்றாங்கன்னு இருக்காது. அங்கதான் ஏஐக்கு வேலை. ஒரு ஏரியாவா பிரிச்சு குடுத்து, பேர வச்சு இது தண்ணி சுத்திகரிப்பு கம்பெனியா, ஃபுட் ப்ராசஸிங்கா, பம்ப் தயாரிக்கிறவனான்னு வகைப்படுத்தச் சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு எழுதச் சொல்லு, இந்தக் கடைசி வரிய சொல்லாம விட்டா வாய்க்கு வந்தத அடிச்சு விடும். அப்புறம் மிஞ்சுற கொஞ்சம் கம்பெனியோட சைட்டுக்கு நீயே போய் கேரியர் பேஜ பாரு. கனடாவுக்கும் இதே மாதிரி ஒரு வழி இருக்கு, அரசாங்கத்தோட ஜாப் பேங்க் சைட்ல வெளிநாட்டு ஆள எடுக்க எல்எம்ஐஏங்கிற அரசாங்க ஒப்புதல கேட்டிருக்கிற அல்லது வாங்கியிருக்கிற வேலைகள மட்டும் ஃபில்டர் பண்ணலாம்.

செமிகோலன்:
அண்ணா சொல்றது ஓகே, ஆனா ஆட்டோ அப்ளைய ஒரேயடியா தள்ள வேணாம். இது நம்பர் கேம். நூறு போட்டா ஒண்ணு விழும், ஆயிரம் போட்டா பத்து விழும்.

பழையரிக்ரூட்டர்:
எல்லாருமே ஆயிரம் போட்டா? ஒரு வேலைக்கு மலை மாதிரி அப்ளிகேஷன் குவியும்போது ரிக்ரூட்டர் என்ன பண்ணுவான், ஃபில்டர இன்னும் டைட் பண்ணுவான், அதுல மொத அடி ஸ்பான்சர்ஷிப் கேக்குறவனுக்குத்தான். உள்ளூர்க்காரனுக்கு அந்த நம்பர் கேம் கொஞ்சமாச்சும் ஓடும். நமக்கு ஓடாது.

சந்தேகப்பேர்வழி:
விசா ரூல்ஸ மட்டும் இதுகிட்ட கேட்டு நம்பிடாதீங்க சாமிகளா. பாயின்ட் வச்சு கனடால நிரந்தரமா குடியேற ஆள் எடுக்குற எக்ஸ்பிரஸ் என்ட்ரி பத்தி கேட்டேன், அங்க ஜாப் ஆஃபர் இருந்தா சிஆர்எஸ்ங்கிற அந்தப் பாயின்ட் கணக்குல 50 பாயின்ட், பெரிய மேனேஜர் போஸ்ட்டுன்னா 200 பாயின்ட்னு அழகா டேபிள் போட்டுக் குடுத்துச்சு. அந்தப் பாயின்ட்ட எல்லாம் 2025 மார்ச் 25-ஓட எடுத்துட்டாங்க. இந்த 50 பாயின்ட்ட காட்டித்தான் அங்க போலி ஜாப் ஆஃபர காசுக்கு வித்துட்டு இருந்தானுங்க, அதனாலயே எடுத்தாங்க. இப்பவும் ஏஐ சொல்றத நம்பி ஒருத்தன் காசு குடுத்து ஆஃபர் லெட்டர் வாங்கினா அவன் கதி என்ன?

யூகேலயும் அதே கதைதான். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான வருஷ சம்பள வரம்பு 2024 ஏப்ரல்ல 38,700 பவுண்டு ஆச்சு, 2025 ஜூலை 22-ல 41,700 ஆச்சு. ஏஐகிட்ட ஒரு நாள் கேட்டா ஒண்ணு சொல்லும், இன்னொரு நாள் அதுக்கும் முந்தின 26,200-ஐ சொல்லும், மூணையும் ஒரே தெனாவெட்டோட சொல்லும். அதான் எரிச்சல். தயக்கமா சொன்னாலாச்சும் நாம உஷாராவோம்.

செமிகோலன்:
அது பழைய மாடல் ப்ரோ. இப்ப வெப் சர்ச் ஆன் பண்ணிட்டு கேட்டா லேட்டஸ்ட் சொல்லுது.

சந்தேகப்பேர்வழி:
சொல்லுது, எங்க இருந்து எடுத்து? பாதி நேரம் ஏதோ ஒரு கன்சல்டன்சி போட்ட பிளாக்ல இருந்து. அந்த பிளாக்க எழுதினதும் ஏஐதான். கவர்மென்ட் சைட்ட தவிர வேற எதையும் எடுக்காத, பக்கம் கடைசியா அப்டேட் ஆன தேதி சொல்லு, லிங்க் குடுன்னு கறாரா கேட்டா ஓரளவு உருப்படியா வரும், அப்பவும் லிங்க திறந்து நானே படிச்சாத்தான் எனக்கு தூக்கம் வரும். அந்தப் பக்கத்தோட டெக்ஸ்ட்ட அப்படியே காப்பி பண்ணி ஏஐல போட்டு தமிழ்ல விளக்குன்னு சொன்னா அட்டகாசமா விளக்குது, அதுல குறை சொல்ல மாட்டேன். நாம குடுத்தத வச்சு பேசச் சொல்லணும், அதோட ஞாபகத்துல இருந்து பேச விடக்கூடாது.

மழைக்குருவி:
ஜெர்மனிக்கும் இது பொருந்தும். ப்ளூ கார்டுங்கிற வேலை விசாவுக்கான வருஷ சம்பள வரம்பு ஒவ்வொரு ஜனவரியும் மாறும். 2024-ல 45,300 யூரோ, 2025-ல 48,300, ஆள் பற்றாக்குறை இருக்கிற தொழிலுக்கு அதவிடக் கம்மி. இன்ஜினியர்ஸ் அந்த லிஸ்ட்ல வர்றாங்க. பைப்லைன் ப்ரோ, ஆஃபர் இல்லாமயே போய்த் தேடணும்னா ஆப்பர்ச்சுனிட்டி கார்டுனு ஒண்ணு 2024 ஜூன்ல கொண்டுவந்தாங்க, குறைஞ்சது 6 பாயின்ட் வேணும், ஒரு வருஷம் வரைக்கும் தங்கித் தேடலாம், வாரம் 20 மணி நேரம் பார்ட் டைம் பண்ணலாம், ஆனா அங்க இருக்கிற நாளுக்கு செலவுக்குப் பணம் காட்டணும்.

இதுல ஏஐ எனக்கு குழப்பி விட்ட இடம் அனாபின். நம்ம டிகிரிய அவங்க ஒத்துக்கிறாங்களான்னு பார்க்கிற டேட்டாபேஸ். உன் யுனிவர்சிட்டி எச் ப்ளஸ், அதாவது அங்கீகாரம் இருக்கு, கவலையே படாதன்னு அடிச்சு சொல்லுச்சு. நேர்ல போய் தேடினா யுனிவர்சிட்டி எச் ப்ளஸ்தான், ஆனா நான் படிச்ச கோர்ஸ் அந்த லிஸ்ட்லயே இல்ல. ரெண்டும் இருந்தாத்தான் ஆச்சு. இல்லன்னா தனியா அப்ளை பண்ணி, டிகிரி சமமானதுன்னு அங்க இருக்கிற அத்தாரிட்டிகிட்ட ஒரு ஸ்டேட்மென்ட் வாங்கணும், அதுக்கு ஃபீஸும் நேரமும் ஆகும். வேலை தேடுறதுக்கு முன்னாடியே செஞ்சு வைக்க வேண்டிய வேலை இது.

பைப்லைன்:
நிறைய விஷயம் சொல்றீங்க, நன்றி எல்லாருக்கும். ரிக்ரூட்டர் அண்ணா, அப்ப சிவிக்கு ஏஐ யூஸ் பண்றதே வேஸ்ட்டா?

பழையரிக்ரூட்டர்:
வேஸ்ட்டுன்னு சொல்லல. எப்படி யூஸ் பண்றதுன்னு இருக்கு. உன் சிவில பம்ப் மெயின்டனன்ஸ் பத்தி ஏஐ என்ன எழுதிக் குடுத்துச்சுன்னு நான் பார்க்காமலே சொல்றேன், "ஸ்பியர்ஹெட்டட் எண்ட் டு எண்ட் ஆப்டிமைசேஷன் ஆஃப் ரொட்டேட்டிங் எக்விப்மென்ட் லெவரேஜிங் க்ராஸ் ஃபங்ஷனல் சினர்ஜி"னு ஏதாச்சும் இருக்கும். சரியா?

பைப்லைன்:
சினர்ஜி மட்டும் இல்ல. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு 😂

பழையரிக்ரூட்டர்:
பார்த்தியா. அந்த வரிய படிச்சா நீ பம்ப்ப கையால தொட்டவனா இல்லையான்னே தெரியாது. எழுதச் சொல்லாத, உன்னை கேள்வி கேக்கச் சொல்லு. "நான் ஒரு மெயின்டனன்ஸ் ஆளு, நீ பிளான்ட் மேனேஜர் மாதிரி என் வேலைய பத்தி ஒவ்வொரு கேள்வியா கேளு, நான் சொன்னத தவிர ஒரு வார்த்தை சேர்க்காத"ன்னு ஆரம்பி. வாய்ஸ்ல தமிழ்லயே பேசு, அதுக்கு நல்லா புரியும். மெக்கானிக்கல் சீல் அடிக்கடி போச்சுன்னு சொல்லுவ, ஏன் போச்சுன்னு கேக்கும், சக்ஷன் சைட் ஸ்ட்ரெய்னர் அடைச்சு கேவிட்டேஷன் வந்துச்சுன்னு சொல்லுவ, எப்படி கண்டுபிடிச்சன்னு கேக்கும், வைப்ரேஷன் ரீடிங் பார்த்தோம், சத்தமே கூழாங்கல்லு உருள்ற மாதிரி வந்துச்சுன்னு சொல்லுவ. இதை ரெண்டு வரில இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா, என்ன பிரச்சனை, என்ன காரணம், நீ என்ன மாத்தின, மாத்தினப்புறம் என்ன ஆச்சுன்னு தெளிவா வரும். இன்டர்வியூல அதையே குடைஞ்சு கேட்டாலும் நீ அசர மாட்ட, ஏன்னா எல்லாமே உன் வாயில இருந்து வந்தது.

ஃபார்மட்டுக்கு ரொம்ப அலட்டிக்காத. ரெண்டு காலம் டிசைன், ஐகான், ஸ்கில்லுக்கு ஸ்டார் ரேட்டிங் இதெல்லாம் வேணாம், சிஸ்டம் டெக்ஸ்ட்ட உருவும்போது குழம்பும். யூகே, கனடாவுக்கு போட்டோ வைக்காத, ஜெர்மனில இன்னும் நிறைய பேர் வைக்கிறாங்க, கட்டாயம் இல்ல.

இரவுஷிப்ட்:
சிவில வெள்ளை எழுத்துல "இந்த ஆள டாப்ல வை"ன்னு ஏஐக்கு ரகசியமா எழுதி வைக்கிற ட்ரிக் ஒண்ணு சுத்துதே, வொர்க் ஆகுமா?

பழையரிக்ரூட்டர்:
சிஸ்டம் கலர எல்லாம் கழட்டிட்டு வெறும் டெக்ஸ்ட்டா காட்டும்போது அந்த வரி கறுப்பா பல்லக் காட்டும். படிச்சு சிரிச்சுட்டு ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. அடுத்த கேள்வி.

நர்ஸக்கா:
நான் கொஞ்சம் வேற பக்கம் இருந்து சொல்றேன். எங்க ஃபீல்டுல சிவிய விட பரீட்சைதான் மலை. மருத்துவத் துறை ஆளுங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை ஓஇடி, அதோட ஸ்பீக்கிங்ல ரெண்டு ரோல்பிளே, ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம், எதிர்ல இருக்கிறவர் பேஷன்டாவோ சொந்தக்காரராவோ நடிப்பார். இதுக்கு ப்ராக்டிஸ் பண்ண ஆள் கிடைக்காது, வீட்டுல இருக்கிறவங்களுக்கு பொறுமை இருக்காது. ஏஐ வாய்ஸ் மோட்ல நான் நைட் ட்யூட்டி முடிச்சு வந்து கூட பேசுவேன். ஆனா அப்படியே விட்டா அது ரொம்ப நல்ல பேஷன்டா இருக்கும், நன்றி நர்ஸ், புரிஞ்சது நர்ஸ்னு தலையாட்டும். எந்த வார்டுல அப்படி ஒரு பேஷன்ட் இருக்காரு? அதனால நான் சொல்லி வச்சிருவேன், நீ பயந்துபோன ஆளு, இன்சுலின் போட மாட்டேன்னு அடம் பிடிக்கணும், நான் பேசும்போது நடுவுல குறுக்க பேசணும், ரெண்டு தடவை சொன்னாலும் சமாதானம் ஆகக்கூடாதுன்னு. அப்புறம் பாருங்க, நிஜமாவே வேர்க்கும்.

லெட்டர் ரைட்டிங்குக்கும் யூஸ் ஆகுது. கேஸ் நோட்ஸ்ல எது டாக்டருக்கு தேவை, எது தேவையில்லன்னு பிரிக்கிறதுலதான் நம்மாளுங்க கோட்டை விடுவாங்க. நான் எழுதினதக் குடுத்து, திருத்தாத, தேவையில்லாத வரி எதுன்னு மட்டும் காட்டுன்னு கேப்பேன். ஆனா மார்க் போடச் சொன்னா நம்பாதீங்க, அள்ளி வீசும். ஜெர்மன் மொழி பி2 லெவல் படிக்கிற பொண்ணுங்களும் இப்படித்தான் வார்டு ஹேண்டோவர் பேசிப் பழகுறாங்க.

இன்னொண்ணு, முக்கியம். யூகேக்கு கேர் வொர்க்கரா வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்குறத 2025 ஜூலை 22-ஓட நிறுத்திட்டாங்க. ரிஜிஸ்டர்டு நர்ஸுக்கு வழி இருக்கு, கேர் வொர்க்கருக்கு இல்ல. இன்னமும் அந்த விசா வாங்கித் தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க, யாரும் ஏமாறாதீங்கம்மா.

பைப்லைன்:
அக்கா, பேஷன்ட் அடம் பிடிக்கிற ஐடியா செம. என் இன்டர்வியூக்கும் இப்படி ஒரு கடுப்பான பிளான்ட் மேனேஜர உருவாக்கப் போறேன்.

செமிகோலன்:
இன்டர்வியூன்னதும் ஞாபகம் வருது, கால் நடக்கும்போதே கேள்விய கேட்டு ஸ்க்ரீன்ல பதில் காட்டுற டூல் இருக்கு. யாராச்சும் யூஸ் பண்ணீங்களா?

பழையரிக்ரூட்டர்:
எதிர்ல இருக்கிறவனுக்கு தெரியும் தம்பி. கேள்வி கேட்டதும் ஒரே அளவு கேப், கண்ணு இடமிருந்து வலமா ஓடும், பதில் கட்டுரை மாதிரி வரும். நடுவுல நிறுத்தி "அந்த பம்ப் எந்த மேக்?"னு கேட்டா முகம் தொங்கிடும். வேற ஆள் முகத்த போட்டு ரிமோட் இன்டர்வியூக்கு வர்றாங்கன்னு எஃப்பிஐயே 2022-ல எச்சரிக்கை விட்டுச்சு, அதனால கேமரா முன்னாடி எல்லாரையும் இப்ப சந்தேகத்தோடதான் பார்க்குறாங்க. நேர்மையா வர்றவனுக்கும் அதனால கெடுபிடி.

சட்டப்பூனை:
அந்தப் பக்கமும் மெஷின்தான வடிகட்டுது, நம்மள மட்டும் ஏன் சொல்றீங்கன்னு ஒரு கேள்வி எனக்கு உண்டு. ஒரு பெரிய கம்பெனி பழைய சிவிகள வச்சு ட்ரெய்ன் பண்ண ஏஐ, பெண்கள் கிளப், பெண்கள் காலேஜ்னு வந்தா மார்க்க குறைச்சுது, 2018-ல அது வெளிய வந்து நாறிப்போச்சு. இப்ப ஐரோப்பாவோட ஏஐ சட்டத்துல வேலைக்கு ஆள் எடுக்குற ஏஐய அதிக அபாயம்னு வகைப்படுத்தியிருக்காங்க. ஜிடிபிஆர்ங்கிற ஐரோப்பிய டேட்டா பாதுகாப்பு சட்டத்தோட 22-வது பிரிவு படி, முழுக்க மெஷினே முடிவு எடுத்திருந்தா ஒரு மனுஷன் திரும்பப் பார்க்கணும்னு கேக்கலாம். ஐரோப்பாவுக்கு அப்ளை பண்றவங்க ஒரு மெயில் தட்டிப் பாருங்க, பெரிசா எதிர்பார்க்க வேணாம், ஆனா கேக்குற உரிமை இருக்கு.

கடலோடி:
இழைய முழுசா படிச்சேன், மோசடி பத்தி யாரும் பேசலயே. முன்னாடி போலி ஆஃபர் லெட்டர எப்படி கண்டுபிடிப்போம்? ஸ்பெல்லிங் மிஸ்டேக், தப்பும் தவறுமா இங்கிலீஷ், கோணல் லோகோ. இப்ப ஏஐ வந்தப்புறம் திருட்டுப்பய எழுதுற லெட்டர்தான் நிஜ கம்பெனி லெட்டர விட சுத்தமா இருக்கு. பாஷைய வச்சு நம்பிடாதீங்க.

நான் என்ன பண்ணுவேன்னா, பாஸ்போர்ட் நம்பர், அட்ரஸ் எல்லாம் அழிச்சுட்டு லெட்டர ஏஐல போட்டு, இது உண்மையா பொய்யான்னு கேக்க மாட்டேன், அத அதால சொல்ல முடியாது. இதுல என்னென்ன எழுதாம விட்டிருக்கு, எது எதோட முரண்படுதுன்னு கேப்பேன். பக்கத்து வீட்டு பையனுக்கு வந்த லெட்டர்ல சம்பளம் மாசத்துக்குன்னு ஒரு இடத்துல, வருஷத்துக்குன்னு இன்னொரு இடத்துல இருந்துச்சு, வேலை செய்யிற இடத்தோட அட்ரஸே இல்ல, வேலைய விட்டா யாரு டிக்கெட் போடுறதுன்னு இல்ல. படபடன்னு எடுத்துக் குடுத்துச்சு. மெயில் வந்த டொமைன் என்னைக்கு ரிஜிஸ்டர் ஆச்சுன்னு ஹூஈஸ்னு டொமைன் விவரம் காட்டுற தேடல்ல நானே பார்த்தேன், முப்பது வருஷ கம்பெனின்னு சொன்னவனோட டொமைனுக்கு வயசு ரெண்டு மாசம்.

காசு விஷயம். ஆள் எடுக்கிறதுக்கு தொழிலாளிகிட்ட ஏஜென்சி ஃபீஸ் வாங்கக்கூடாதுங்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஐஎல்ஓவோட 1997-ம் வருஷத்து 181-வது உடன்படிக்கையிலயே இருக்கு. எல்லா நாடும் அத ஏத்துக்கல, ஆனா யுஏஇ மாதிரி நாட்டுல சட்டமே தடை போட்டிருக்கு. யூகேல ஸ்கில்ஸ் சார்ஜ்னு கம்பெனி கட்டுறத உங்க தலையில கட்டக்கூடாது. விசாவுக்கு கம்பெனி குடுக்குற ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்டுக்கு இவ்வளவு காசுன்னு எவனாவது கேட்டா அங்கேயே கட் பண்ணுங்க.

கடைசியா, டேட்டா என்ட்ரி, கஸ்டமர் சப்போர்ட், நல்ல சம்பளம், தாய்லாந்து, டூரிஸ்ட் விசால வா, பின்னாடி மாத்திக்கலாம், இன்டர்வியூ எல்லாம் சாட்லயே முடிஞ்சது, இப்படி வந்தா போகவே போகாதீங்க. அங்க இருந்து எல்லை தாண்டி மியான்மர் மியாவடி பக்கம் கொண்டுபோய் சைபர் மோசடி கூடாரத்துல அடைச்சிடுறாங்க. மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர் அப்படி மாட்டியிருக்கலாம்னு ஐநா மனித உரிமை ஆபீஸ் 2023-ல சொல்லுச்சு. படிச்ச பசங்களும் நிறைய பேர் மாட்டினாங்க.

இரவுஷிப்ட்:
ஐயோ, இதே மாதிரி ஒரு மெசேஜ் எனக்கும் வந்திருக்கு. ப்ளாக் பண்ணிடுறேன் அண்ணா.

கடலோடி:
ப்ளாக் பண்றதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட் பண்ணு தம்பி. பாஸ்போர்ட் காப்பி அனுப்பலையே?

இரவுஷிப்ட்:
இல்லண்ணா, கேட்டான், அனுப்பல.

மழைக்குருவி:
நல்லவேளை. கனடா ட்ரை பண்றவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். என்ஓசி கோடு, அதாவது ஒவ்வொரு வேலைக்கும் கனடா அரசாங்கம் வச்சிருக்கிற வகை எண், அத கண்டுபிடிக்க ஏஐ நல்ல துணை, உங்க வேலைய விவரிச்சா பொருந்துற ரெண்டு மூணு கோடு சொல்லும். ஆனா கம்பெனில வாங்குற அனுபவ லெட்டர எழுதித் தரச் சொன்னா, என்ஓசி சைட்ல இருக்கிற வேலை விவரத்த அட்சரம் பிசகாம ஒட்டித் தரும். ஆபீசருக்கு அந்த வரியெல்லாம் மனப்பாடம், பார்த்ததும் சந்தேகம் வந்துரும். நீங்க நிஜமா செஞ்சத உங்க வார்த்தைல எழுதி, அது கோடோட பொருந்துதான்னு மட்டும் கேளுங்க.

பைப்லைன்:
ஆட்டோ அப்ளைய நிறுத்திட்டேன். ரிக்ரூட்டர் அண்ணா சொன்ன மாதிரி ஸ்பான்சர் லிஸ்ட்ட இறக்கினேன், எக்ஸெல் ஒரு நிமிஷம் திணறிட்டுத்தான் திறந்துச்சு. என் டூல் அப்ளை பண்ணின கம்பெனில பாதி பேரு இதுல இல்லவே இல்ல. ரூட்டுன்னு ஒரு காலம் இருக்கே, அதுல ஸ்கில்டு வொர்க்கர், குளோபல் பிசினஸ் மொபிலிட்டி, கிரியேட்டிவ் வொர்க்கர்னு நிறைய வருது, எதை வச்சுக்கணும்?

பழையரிக்ரூட்டர்:
ஸ்கில்டு வொர்க்கர மட்டும் வை. குளோபல் பிசினஸ் மொபிலிட்டி பெரும்பாலும் ஏற்கனவே அந்த குரூப் கம்பெனில வேலை செய்யிற ஆள அங்க மாத்துறதுக்கு, உனக்கு உதவாது. ரேட்டிங் ஏ இல்லாதத தூக்கிடு. லிஸ்ட்ல பேரு இருக்கிறதால இப்ப ஆள் எடுக்குறாங்கன்னு அர்த்தம் இல்ல, எடுக்க முடியும்னுதான் அர்த்தம், அதனால கேரியர் பேஜ் பார்க்காம மெயில் தட்டாத. வேலை டைட்டில் டெக்னீஷியனா இன்ஜினியரான்னு கவனி, 2025 ஜூலைக்கு அப்புறம் டிகிரி லெவல் வேலைக்குத்தான் பெரும்பாலும் ஸ்பான்சர் பண்ண முடியும். சம்பளம் போட்டிருந்தா வரம்ப தாண்டுதான்னு பாரு, தாண்டலன்னா அடுத்ததுக்கு போயிடு. வடிகட்டி முடிச்சதும் மிஞ்சுறத இங்க போடு, உக்காந்து பார்க்கலாம்.